'தோல் வண்ணம்' என்று ஒரு வண்ணம் உண்டா?



2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. காட்சிக்கலைக் கல்விக்காக 'நான்' என்னும் தலைப்பில் தம் உருவத்தைத் தாமே வரைந்து அனுப்பும்படி நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கூறியிருந்தேன். வீட்டில் தாளும் நீர்வண்ணமும் இல்லாதவர்கள் கைப்பேசியிலோ கைக்கணினியிலோ உள்ள ஓவியச் செயலியைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்லியிருந்தேன்.

படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லா முகங்களும் வெளிறிய இளஞ்சிவப்பு! அவர்கள் அனைவரையும் நான் நன்கு அறிவேன். மாநிறத்தவர், நல்ல கறுப்பு நிறத்தவர், புதுநிறத்தவர் எனப் பல நிறத்துப் பிள்ளைகள். படத்திலோ அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாய் இருந்தனர்.

ஒரு மாணவனை அழைத்துக் கேட்டேன். "ஏன் தம்பி, உன் முகம் இந்த நிறத்திலா இருக்கிறது?"

அவன் தயங்கவே இல்லை. "ஐயா, அதுதான் தோல் கலர். அதுலயே எழுதியிருக்கு ஐயா."

உண்மைதான். அவன் பயன்படுத்திய செயலியின் வண்ணத் தொகுப்பில் அந்தக் கட்டத்திற்கு ஆங்கிலத்தில் 'தோல்' என்றே பெயரிட்டிருந்தார்கள். அந்தப் பத்து வயதுப் பிள்ளை தன் கையைப் பார்க்கவில்லை. கட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்தான். நாம்தானே படிக்கக் கற்றுக் கொடுத்தோம்!

அன்று முதல் என் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கும் செய்தியை இன்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். மின்னோவியம் கற்பிக்கிறோம் என்ற பெயரில் ஆயத்த வண்ணத் தொகுப்புகளையும் ஆயத்தத் தூரிகைகளையும் நம் பிள்ளைகளின் கையில் திணிப்பது ஓவியக் கல்வியே அன்று. அது பார்வையைப் பறிக்கும் வேலை. தமிழ்ப்பள்ளியில் அதைச் செய்வது இரட்டிப்புக் குற்றம்.

இந்த நோய் கணினியோடு பிறந்ததன்று. நாம் படித்த காலத்து வண்ணப்பென்சில் பெட்டியிலும் ஒரு வெளிறிய பென்சில் இருந்தது. "அந்தத் தோல் கலரைக் கொஞ்சம் கொடு" என்று பக்கத்து இருக்கைத் தோழனிடம் கேட்டு வாங்கித்தான் நாமும் அப்பாவையும் அம்மாவையும் வண்ணந்தீட்டினோம். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 'சதை' என்று தான் பெயரிட்டு விற்ற வண்ணத்தை 1962ஆம் ஆண்டில் 'பீச்' பழத்தின் பெயருக்கு மாற்றியது. உலக மக்களின் தோல் நிறங்களைக் காட்டும் 24 வண்ணங்களை அதே நிறுவனம் வெளியிட்டது 2020ஆம் ஆண்டில்தான். இடையில் ஓடியவை 58 ஆண்டுகள்.

நிழற்படத்துறையின் கதை இன்னும் வெட்கக்கேடானது. கோடாக் நிறுவனத்தின் வண்ணச்சுருளைக் கழுவி அச்சிடும் கூடங்களில் 'ஷெர்லி அட்டை' என்ற ஒன்றை வைத்திருந்தனர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அது. அவள் தோல் சரியாகத் தெரிந்தால் அச்சு சரி. கரிய முகம் இருளில் கரைந்து போனாலும் அது குறையாகக் கொள்ளப்படவில்லை. சாக்லேட்டும் மரத் தளவாடமும் படத்தில் நன்றாக விழவில்லை என்று வணிகர்கள் முறையிட்ட பிறகே கரும்பழுப்பு நிறங்களின்பால் கவனம் திரும்பியது என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறியிருக்கின்றனர். மனித முகத்திற்காகத் திறவாத கண் சாக்லேட்டுக்காகத் திறந்திருக்கிறது!

பழைய பென்சில் பெட்டிக்காவது ஒரு சாக்கு இருந்தது. பெட்டியில் 12 பென்சிலுக்குத்தான் இடம். ஓவிய மென்பொருளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தலா 256 நிலைகள் என்று கொண்டால் 16,777,216 நிறங்களை ஒரு சாதாரணத் திரை காட்டும். அத்தனை நிறங்களுக்கும் வாசல் திறந்திருக்கும்போது, அதன் முன்னால் முப்பது கட்டங்களை அடுக்கி, "இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடு" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். கடலருகே நிற்கும் பிள்ளைக்குக் குப்பியில் அடைத்த நீரைக் காட்டும் வேலை இது.

நான் கணினிக்கு எதிரி அல்லேன். மின்னோவியம் ஓவியமே அன்று என்று கூறும் மூத்த ஆசிரியர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர் டேவிட் ஹொக்னி தம் எழுபதாம் அகவையைக் கடந்த பின்பு, 2009இல் ஐபோனிலும் 2010இல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். தமிழகத்தில் ஓவியர் டிராட்ஸ்கி மருது கணினி வழி ஓவியத்திலும் அசைவூட்டத்திலும் முன்னோடிகளுள் ஒருவர். கோட்டோவியத்தில் கை தேர்ந்த பிறகே அவர் கணினியைத் தொட்டார். கருவி அவருக்குப் பணிந்தது.

கடைக்காரர் 'ஸ்டைலஸ்' என்று விற்கும் பொருளுக்கு நம்மிடம் பெயர் ஏற்கெனவே உண்டு. எழுத்தாணி! ஓலையில் எழுத்தாணி பிடித்தவன் அழுத்தத்தை அறிந்திருந்தான். மிகுந்தால் ஓலை கிழியும். குறைந்தால் கீறல் விழாது. இன்றைய நல்ல மின் எழுத்தாணியும் அதே அழுத்தத்தைத்தான் கேட்கிறது. 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வேக்கம் நிறுவனத்தின் வரைபலகை எழுத்தாணிகளுக்கு மின்கலம் கிடையாது. பலகைக்குள் பின்னப்பட்ட கம்பிகள் எழுப்பும் மின்காந்த அலையிலிருந்தே எழுத்தாணி ஆற்றலைப் பெற்றுத் தன் இருப்பிடத்தையும் அழுத்தத்தையும் திருப்பிச் சொல்கிறது. அவற்றுள் சில 8,192 அழுத்த நிலைகளை உணர வல்லவை. சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் இரப்பர் முனைக் கோலோ விரலுக்கு மாற்று மட்டுமே. அதற்கு அழுத்தம் தெரியாது. மாணவர்களுக்கென்று வாங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டறிந்த பின் பணத்தைக் கொடுங்கள்.

ஆனால், 8,192 நிலைகளை உணரும் எழுத்தாணியைக் கொடுத்துவிட்டு என்ன செய்யச் சொல்கிறோம்? 'தென்னைமரத் தூரிகை', 'மேகத் தூரிகை', 'புல் தூரிகை' எனப் பொட்டலமாக இறக்கி வைத்திருக்கிறோம். ஒரு தட்டில் ஒரு தென்னை. இன்னொரு தட்டில் இன்னொரு தென்னை. அதே மட்டை, அதே வளைவு, அதே காற்று. இது தூரிகை அன்று, இரப்பர் முத்திரை. அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவரை ஓவியர் என்று யாரும் அழைப்பதில்லையே!

கோலத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கோடு இழுத்தால் எட்டாகப் பிரதிபலிக்கும் கருவியைத் தட்டிவிட்டு, 'மின்கோலம்' என்று பொங்கல் வாழ்த்தில் அனுப்புகிறோம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. புள்ளியெண்ணி, கம்பியைப் புள்ளிக்கு வெளியே வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டு முடிக்கும் கணக்கு அந்தப் பிள்ளையின் கையில் ஏறியதா என்பதே என் கேள்வி.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சில காலத்திற்கு முன்பு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான மின்னோவியப் போட்டி ஒன்றிற்கு என் மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். நடத்தியவர் யார், எங்கே என்பது இங்குத் தேவையில்லை. குறை ஓர் அமைப்போடு நிற்பதன்று. தலைப்பு 'என் குடும்பம்'. அவள் தன் பாட்டியை வரைந்தாள். பாட்டி பூக்கட்டுகிறார். மடியில் மல்லிகைச் சரம். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. ஒரே ஒரு வட்டத் தூரிகை. தானே கலந்தெடுத்த ஏழு நிறங்கள். பாட்டியின் முகம் நல்ல கரும்பழுப்பு. விளக்கொளி பட்ட கன்னத்தில் செம்மஞ்சள். மறுகன்னத்தில் கருநாவல் நிறம். மல்லிகையின் வெண்மை அந்தக் கரிய விரல்களுக்கிடையே பளீரென்று தெரிந்தது. இரண்டு மாதம் அவள் தன் பாட்டியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் அறிவேன்.

பரிசு கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. போட்டி என்றால் வெற்றி தோல்வி உண்டு. நடுவர்களுள் ஒருவர் அவளை அழைத்து அன்போடுதான் சொன்னார்: "நல்லாதான் இருக்கும்மா. முகத்தை மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு போட்டிருக்கலாம்."

முதற்பரிசு பெற்ற படத்தில் நான்கு இளஞ்சிவப்பு முகங்கள், மூன்று ஒரே மாதிரித் தென்னைமரங்கள், மேலே ஆயத்த மேகங்கள். வரைந்த பிள்ளையை நான் குறைசொல்ல மாட்டேன். அவனுக்குக் கற்பித்ததை அவன் செய்தான்.

திரும்பி வரும் வழியில் மகிழுந்தில் அவள் கேட்டாள்: "ஐயா, பாட்டியை வெள்ளையா போட்டா அது எங்க பாட்டியா?"

அந்தக் கேள்விக்கு நம் நடுவர்கள் விடை சொல்லட்டும். 'பளிச்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஓவிய இலக்கணமா, முகப்பூச்சு விளம்பரமா? அந்த விளம்பரத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திய 'ஃபேர் அண்ட் லவ்லி' கூட 2020இல் தன் பெயரிலிருந்து 'வெண்மை'யை எடுத்துவிட்டது. நம் மதிப்பெண் தாளிலிருந்து அது எப்போது போகும்?

நம் முன்னோருக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. மாந்தளிரின் நிறத்தை அழகென்று கண்டு, பெண்ணின் மேனிக்கு 'மாமை' என்று பெயரிட்டவர்கள் சங்கச் சான்றோர்கள். கரியவனை 'மாயோன்' என்று தெய்வமாக வைத்தவர்கள் அவர்கள். அசந்தாவின் முதற்குகைச் சுவரில் அரசரும் அரசியரும் பணிப்பெண்களும் பற்பல மாநிறங்களில் நிற்கிறார்கள். கருநிறப் பெண்ணொருத்தியும் முழு எழிலோடு இருக்கிறாள். மண்ணையும் கல்லையும் அரைத்து வண்ணம் செய்தவனுக்குத் தோலின் நிறம் தெரிந்திருந்தது. ஒரு கோடி நிறங்களுக்கு மேல் கையில் வைத்திருக்கும் நமக்குத் தெரியவில்லை.

"தொடக்கநிலைப் பிள்ளைகள் ஐயா! எடுத்த எடுப்பிலேயே கலக்கச் சொன்னால் மனம் தளர்ந்துவிடுவார்கள். ஆயத்தத் தொகுப்பு நடைவண்டி போன்றது" என்கிறார்கள் சிலர். நடைவண்டியைக் குழந்தை ஓராண்டில் விட்டுவிடும். நீங்கள் கொடுக்கும் தொகுப்பை உங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் விட்டிருக்கிறார்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மேலும், கலப்பது கடினம் என்பதே கற்பிக்காதவர் கூற்று. பழுப்பு என்பது ஒளி குறைந்த செம்மஞ்சளே. வண்ணச் சக்கரத்தில் செம்மஞ்சளில் புள்ளியை வைத்து, ஒளியளவைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். மனிதத் தோல் நிறங்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்து நிற்கும். சற்றுச் சிவப்புப் பக்கமோ மஞ்சள் பக்கமோ நகர்த்தினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் நிறம் அகப்படும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பத்து நிமிடப் பாடம்.

உண்மையில் கற்பிக்க வேண்டியவை வேறு சில உள்ளன. நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் கரிய முகம் சாம்பல் பூத்துவிடும். சிவப்பையோ ஊதாவையோ சேர்க்க வேண்டும். கரிய தோலில் ஒளி படும் இடத்தில் வானத்தின் நீலமும் தெரியும். நீர்வண்ணத்தில் மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. பல மென்பொருள்களில் அதே இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் சாம்பல்தான் வரும். ஏனெனில் அங்குக் கலப்பவை சாயங்கள் அல்ல, ஒளியளவைக் குறிக்கும் எண்கள். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்காமல், 'இதோ தொகுப்பு' என்று நீட்டுவது ஆசிரியரின் சோம்பல். அதில் என் பழைய சோம்பலும் அடக்கம். அந்த 'நான்' படங்களுக்கு முன்பு நானும் தொகுப்பை நீட்டியவன்தான்.

"நிறத்தில் போய் இனத்தைப் பார்க்கிறீரே" என்று கேட்போரும் உண்டு. நான் பார்க்கவில்லை ஐயா; 'தோல்' என்று ஒரே ஒரு கட்டத்திற்குப் பெயர் எழுதியவர் பார்த்தார். நான் அந்தப் பெயரை அழிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பினாங்கில் வாழ்கிறோம் நாம். வண்ணம் கற்க இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்? லீத் வீதியில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகையைச் சுற்றுலாப் பயணிகள் நீல மாளிகை என்பார்கள். அந்த நீலம் தகரக் குவளையில் வந்த சாயம் அன்று. சுண்ணாம்பு நீரில் அவுரி நீலத்தைக் கலந்து பூசியது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த அவுரி அது. தமிழ் மண்ணிலும் விளைந்த செடி. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி வெளியிடும், சுவர் மூச்சுவிடும். இந்த ஊரின் மழைக்கும் புழுக்கத்திற்கும் ஏற்றவாறு ஒருவன் கலந்தெடுத்த நிறம். 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் ஜோர்ஜ்டவுன் உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்டதில் இத்தகைய சுவர்களுக்கும் பங்குண்டு.

பாத்தேக் துணியோவியத்தின் தந்தை என்று மலேசியா போற்றும் சுவா தியென் தெங் இந்த ஊரில்தான் வாழ்ந்து 2008இல் மறைந்தார். உருகிய மெழுகை ஒழுகவிடும் 'சந்திங்' என்ற சிறு செப்புக் கருவியால் அவர் கோடிட்டார். வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பிறகு என்று சாயம் ஏற்றினார். 'முந்தைய நிலைக்குத் திரும்பு' என்ற பொத்தான் அவரிடம் இல்லை. காட்சிக்கலைக் கல்வியின் மரபுக் கைவினைப் பகுதியில் பாத்தேக் பாடமாகவே இருக்கிறது. அதையும் 'பாத்தேக் தூரிகை' என்று ஒரு தட்டில் முடித்து மதிப்பெண் போடுகிறோமே, அடுக்குமா?

குறை சொல்லிவிட்டு ஓடுபவன் அல்லேன். செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, விலை ஒரு தடையன்று. கிரீத்தா என்னும் ஓவிய மென்பொருள் இலவசம், கட்டற்றது. சுவீடன் மொழியில் அப்பெயருக்கு வண்ணச் சுண்ணக்கோல் என்று பொருள். பள்ளிக் கணினியில் நிறுவியதும் தூரிகைப் பட்டியலில் ஒரே ஒரு வட்டத் தூரிகையை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். மூன்று மாதம் அது போதும். மெல்லிய கோடும் தடித்த கோடும் பிள்ளையின் அழுத்தத்திலிருந்தே வரட்டும்.

இரண்டாவது, வண்ணத் தொகுப்பை வெறுமையாகக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் புறங்கையைச் சன்னலோரம் நீட்டி, ஐந்து நிறங்களைக் கலந்து சேமிக்கட்டும். நிழற்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சும் கருவி வேண்டாம். இன்றைய கைப்பேசிகள் பல கேட்காமலேயே முகத்தை வெளுத்துத் தருகின்றன. சேமித்த நிறத்திற்குத் தமிழில் பெயரிடச் சொல்லுங்கள். மென்பொருள் மறுக்காது. புளி, எள், நாவல், செங்காவி, கருப்பட்டி என்று நம்மிடம் பெயருக்கா பஞ்சம்? பினாங்குப் பிள்ளைக்குப் புதிதாய்ப் பறித்த சாதிக்காயின் மேல் படர்ந்த சாதிபத்திரியின் செம்மை தெரியும். அதையும் ஒரு கட்டத்தில் வைக்கட்டும்.

மூன்றாவது, போட்டி நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்த படத்தை மட்டும் வாங்காதீர்கள். படலங்கள் பிரித்த மூலக்கோப்பையும் கேளுங்கள். எது வரைந்தது, எது குத்தியது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மதிப்பீட்டுத் தாளில் 'பளிச்' என்பதற்கு மதிப்பெண் இருந்தால் அடித்துவிட்டு, 'பார்த்து வரைந்தது' என்று எழுதுங்கள்.

அந்த நான்காம் ஆண்டு மாணவன் பள்ளி திறந்த பிறகு என்னோடு அமர்ந்து தன் முகத்தை மீண்டும் வரைந்தான். ஐந்து நிறங்களைக் கலந்தான். நான்கிற்குப் பழங்களின் பெயரையும் மரங்களின் பெயரையும் வைத்தான். ஐந்தாவது கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல கரும்பழுப்பு. 'அப்பா கை' என்று தட்டச்சு செய்திருந்தான்.

'தோல்' என்ற பெயரில் அவனுடைய தொகுப்பில் ஒரு கட்டமும் இல்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் அந்த ஆயத்தக் கட்டங்களை அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.